இன்னும் இறங்காதவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார். போன வாரமும் நாளை என்றுதான் சொன்னார்.

எதிர் வீட்டு மருந்து விற்பனைப் பிரதிநிதி காலி செய்துவிட்டார். வேறு ஊருக்கு மாற்றல். சாமான் வண்டியில் இடமில்லை என்று ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். "ஒரே வாரம் டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்றார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன், என் கணவர் கால் நீட்டி உட்காரும் பக்கமாக. இப்போது அந்தப் பக்கம் யாரும் கால் நீட்டுவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அண்ணியின் அழைப்பு. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெயில் எப்படி, கரெண்டு ஒழுங்கா இருக்கா. நான்கு கேள்வி, நான்கு பதில். அதே கேள்விகளை நான் திருப்பிக் கேட்டேன். பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது. "சரி, வச்சிடட்டா?" என்றார். "சரி அண்ணி" என்றேன்.

அவர் என் கணவரின் அக்கா. வேலையில் இருந்த காலமெல்லாம் பேருந்து நடத்துநர். கண் அழுத்த நோயில் பார்வை முழுக்கப் போய்விட்டது. மகன் வீட்டில் இருக்கிறார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான். ஞாயிற்றுப் பேச்சு முதலில் அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள பேச்சு. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். கடைசியில் இவர் "இந்தா, பேசு" என்று என்னிடம் நீட்டுவார். நலம் விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிப்ரவரிக்குப் பிறகு திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

இரண்டு பலகைகளைச் சேர்த்திருக்கும் ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள். பலகைகள் உடனே விழாது. பழக்கத்தில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் அப்படித்தான் நிற்கிறோம். அண்ணியும் போய்விட்டால் என் கணவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் எனக்கு ஒருவரும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்றை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். மருத்துவமனையில் கடைசி நாள் மாலை அவர் என்னைப் பார்த்து, "அக்காகிட்ட சொல்லு" என்றார். என்ன சொல்லணும் என்று குனிந்து கேட்டேன். கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை.

அண்ணி இதுவரை கேட்கவில்லை. கேட்டால்? பாதி வாக்கியத்தை எப்படி ஒருவர் கையில் கொடுப்பது?

ஜூன் 13, வெள்ளி

மேசைக்கு அடியில் கரப்பான். பெட்டியை வெளியே இழுத்துத் திறக்க வேண்டியதாயிற்று. மருந்து மாதிரிகள் இருக்கும் என்று நினைத்தேன். முழுக்க முழுக்கச் சித்திரக் கதைப் புத்தகங்கள். நாற்பது வயது ஆள், டை கட்டிக்கொண்டு மருத்துவர்களைப் பார்க்கப் போகிறவர்.

எல்லாம் ஒரே தொடர். பெயர் "எடையிலி". கதாநாயகன் எதைத் தொட்டாலும் அதன் எடை போய்விடும். அவனாக மனம் வைத்தால்தான் திரும்பி வரும். அவனுக்கு எதிரி ஈயத்தலையன் என்று ஒருவன். அவன் தொட்டால் எல்லாம் கனத்துப்போகும். தூசி தட்டும்போது ஒன்றைப் புரட்டினேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஓடும் ரயிலை எடையிலி ஒரு விரலால் நிறுத்துகிறான். தவறு. எடை போனாலும் நிறை போகாது. சறுக்கு வண்டியில் வரும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்: தரையில் உராய்வே இல்லாவிட்டாலும் வந்து மோதினால் நாம்தான் விழுவோம். பக்க ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி போடக் கை துடித்தது. அடுத்தவர் பொருள். போடவில்லை.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதற்கு முன்னால் எப்போது தேநீர் ஆறும்வரை ஒன்றில் மூழ்கியிருந்தேன்?

ஜூன் 15, ஞாயிறு

அந்த ஆள் வரவில்லை. அண்ணி அழைத்தார். நான்கு கேள்வி முடிந்தது. மின்விசிறி. "சரி, வச்—" என்று அவர் ஆரம்பித்தபோது, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் சித்திரக் கதை படிச்சேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

"என்னது?"

"பறக்கிற ஆளு, சண்டை... சின்னப் பசங்க படிக்கிறது."

"டீச்சரம்மாவுக்கு வந்த காலத்தப் பாரு" என்று சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் கேட்டேன். பிறகு, "கொண்டா, படி பார்ப்போம். நான் மட்டும் இங்க என்ன கிழிச்சிட்டிருக்கேன்" என்றார்.

படித்தேன். வசனமில்லாமல் படம் மட்டும் உள்ள பக்கம் வந்ததும் திணறிவிட்டேன். "என்ன ஊமையாயிட்ட?" "படம் அண்ணி." "படத்துக்கு என்ன, கண்ணு உனக்கு நல்லாத்தானே இருக்கு? சொல்லு."

முதல் புத்தகம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காது சுட்டது.

ஜூன் 17, செவ்வாய்

படத்தைச் சொல்வதற்கு ஒரு முறை வேண்டும். பரிசோதனையை விளக்குவது போலச் செய்யலாம்: முதலில் இடம், பிறகு யார் எங்கே நிற்கிறார்கள், பிறகு எது நகர்கிறது, கடைசியில் நிறம். நிறத்தைக் கடைசியில் வைத்தால் அது நினைவில் தங்கும். அண்ணி நிறம் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது.

குழாய் சரியாகிவிட்டது. இப்போது வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று படித்த புத்தகத்தில் ஒரு பெரிய கட்டடம். ஈயத்தலையன் லிஃப்டின் கம்பிகளை அறுத்துவிடுகிறான். உள்ளே ஒரு பெண். காலில் செருப்பில்லை, கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். மஞ்சள் பட்டை வைத்த செருப்பு. ஏன் கையில்? கதை சொல்லவில்லை. லிஃப்ட் விழுகிறது. எடையிலி சுவரை உடைத்துக் கையை நீட்டித் தொடுகிறான். எடை போய், இரண்டு மாடிகளுக்கு நடுவில் அப்படியே மிதந்து நிற்கிறது. அவள் கம்பிக் கதவு வழியாகப் பார்த்து, "நன்றி, ஆனால்—" என்கிறாள். அடுத்த பக்கத்தில் எடையிலி கடற்கரையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

நான் கடற்கரையை விவரிக்க ஆரம்பித்தேன். அண்ணி நிறுத்தினார்.

"இரு. அவ எங்க இறங்கினா?"

"யாரு?"

"லிஃப்டுக்காரி."

"அது காட்டல அண்ணி."

"காட்டாம எப்படி? ஏறினவ இறங்கணுமில்ல? கதவத் தொறந்து விட்டானா, இல்ல அப்படியே தொங்க விட்டுட்டுப் போயிட்டானா?"

முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. அடுத்த புத்தகத்திலும் இல்லை. "நல்ல ஆளுய்யா இவன்" என்றார் அண்ணி. கோபமாகவே சொன்னார்.

ஜூன் 25, புதன்

இன்று புதன்கிழமை. அண்ணி அழைத்தார்! ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லையாம். "அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு பார்த்தியா?"

பேச்சுவாக்கில் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. நடத்துநருக்கு டிக்கெட் கிழிப்பது பெரிய வேலையில்லையாம். ஏறினவர்களில் யார் எங்கே இறங்க வேண்டும் என்று மனதில் வைத்திருப்பதுதான் வேலையாம். கைக்குழந்தைக்காரி பாலத்தில், கைத்தடிக்காரர் ஆஸ்பத்திரியில், வாந்தி எடுக்கும் முகம் உள்ளவன் எங்கே நிறுத்தினாலும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, அண்ணி படியில் நின்று உள்ளே பார்த்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாராம். பின் இருக்கையில் யாராவது சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பார்களாம். "ஒரு தடவ குரல் கொடுக்காம இறங்கின ஒருத்தன், ஒரு கிழவிய ஷெட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டான். காலைல அவ எழுந்து வந்து அவனையே டீ வாங்கித் தரச் சொன்னா."

இந்தக் கதைகளெல்லாம் என் கணவருக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணியின் கணக்குப்படி "வண்டியில் ஏறி இன்னும் இறங்காதவர்கள்" கூடிக்கொண்டே போகிறார்கள். எடையிலியின் முகத்தைப் பார்த்துவிட்ட ரொட்டிக் கடைக்காரர் — யாரிடமோ சொல்லப் போகிறேன் என்று கிளம்பினார், போனவர் போனவர்தான். கப்பல் ஏறிய இரட்டையரில் ஒருத்தி. மேகத்துக்கு மேலே விடப்பட்ட நாய். எனக்கு ஈயத்தலையன் செத்தானா இல்லையா என்பதுகூட முக்கியமில்லாமல் போய்விட்டது. அண்ணிக்கு லிஃப்டுக்காரி. ஒவ்வொரு புத்தகத்தையும் எடுக்கும்போது முதல் கேள்வி அதுதான்: "இதுல இறங்குறாளா?"

கதை எழுதியவர் மறந்துவிட்டார் என்று நான் சொன்னேன். "மறக்கிறவன் ஏன் ஏத்துறான்?" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் தேநீர் போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டேன். கொட்ட மனம் வரவில்லை. இரண்டையும் நானே குடித்தேன். முதலில் என்னுடையது, பிறகு அவருடையது. அவருடையதில் சர்க்கரைகூடச் சரியாகப் போட்டிருந்தேன்.

ஞாயிறும் புதனும் குரல் உண்டு. மற்ற நாட்களில் பால்காரருக்கு "ஒண்ணு போதும்" என்று சொல்வதோடு சரி. நேற்று அதையும் சொல்லவில்லை. அவரே ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 16, புதன்

அண்ணி ஒரு கேள்வி கேட்டார். லிஃப்ட் மிதக்கிறதே, உள்ளே நிற்கிறவளுக்கும் எடை இருக்காதா? நல்ல கேள்வி. வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எடையிலி தொட்டது லிஃப்டைத்தான், அவளை அல்ல. ஆகவே கதையின் கணக்குப்படி அவளுக்கு எடை உண்டு என்றேன். படகில் நிற்பது போல: படகு மிதக்கும், நாம் மிதக்க மாட்டோம்.

"அப்ப கால் வலிக்கும்" என்றார் அண்ணி.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டியின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம்தான் மிச்சம். இன்று வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். ஒரு படத்தில் சுவர்க் கடிகாரத்தின் முட்களைக்கூட விவரித்தேன்.

இது முடிந்தால் மறுபடி அந்த நான்கு கேள்விதானா? பிறகு மாதம் ஒரு முறை, பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும். குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது. யாரும் யாரையும் விட்டுவிடுவதில்லை. அடுத்த முறை பேசலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

பெட்டியில் கடைசியாக இருக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்தேன், கதை முடியவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய புத்தகக் கடைக்குப் போனேன். படி ஏறி இறங்கி முழங்கால் போயிற்று. "எடையிலி கடைசி இதழ் இருக்கா?" என்று கேட்டதும் கடைக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"பேரனுக்காம்மா?"

"எனக்குத்தான்."

"முடிவு இருக்கிற புஸ்தகம் இங்க வராதும்மா. வாங்கினவன் வச்சுக்குவான். முடிவு இல்லாததுதான் எடைக்கு வரும்" என்றார். அவர் எடை என்று சொன்னது தராசைத்தான். இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒன்றைப் பார்த்ததும் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதே எவ்வளவு நாளாயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

கடைசிப் புத்தகம். மழை பெய்யும் ஒரு மாலை; எடையிலி தண்ணீர்த் தொட்டியின் மேல் தனியாக நிற்கிறான். கையை உயர்த்துகிறான். "இனி எல்லாவற்றுக்கும் எடை திரும்பும்" என்கிறான். கீழே கட்டம் கட்டி, அடுத்த இதழில் என்று போட்டிருக்கிறது. அடுத்த இதழ் பெட்டியில் இல்லை.

எல்லாவற்றுக்கும் எடை திரும்பினால் லிஃப்டுக்கும்தானே?

அண்ணி அதை உடனே பிடித்துக்கொண்டார். "அடப்பாவி. அவ உள்ள இருக்காளே." மூச்சு வாங்கியது அவருக்கு. "அடுத்தது எடு."

"அடுத்த வாரம் அண்ணி. தொண்டை கட்டிருக்கு."

இதுதான் கடைசி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 30, புதன்

மருந்துப் பிரதிநிதி இன்றுதான் தொலைபேசியை எடுத்தார். பெட்டியை மறந்தே போய்விட்டாராம். மன்னிப்புக் கேட்டார், நான்கு தடவை. கடைசி இதழைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"முடிவே வரல டீச்சர். அந்தக் கம்பெனிய மூடிட்டாங்க. நானும் கடை கடையா அலைஞ்சேன். அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. நீங்களே வச்சுக்குங்க, இங்க வச்சா என் வீட்டுக்காரி எடைக்குப் போட்டுருவா."

வெளியே ஒரு வண்டிக்காரன் ஏதோ விற்றுக்கொண்டு போனான். தொலைபேசியை வைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி மேசைக்கு அடியில் தள்ளினேன். இன்று அண்ணி அழைத்தபோது தொண்டை இன்னும் சரியாகவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

வேலையில் இருந்தவரை, தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்பேன், சொல்லவும் செய்வேன். புத்தகத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொன்னதே இல்லை.

ஆனால் இங்கே போய்ப் பார்க்க இடமில்லை. நாளை என்று ஒன்றும் இல்லை. முடிவு இல்லை என்று சொன்னால் அண்ணிக்கு என்ன ஆகும்? லிஃப்டில் அந்தப் பெண் நிற்பாள், எடை எந்த நேரமும் திரும்பலாம். கண் தெரியாத மனுஷி, ஒரு அறையில் பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு—

அவளை இறக்கிவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்?

சமைக்கும்போது யோசித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சொன்னேன். கடைசி இதழ் கிடைத்துவிட்டது என்று ஆரம்பித்தேன். எடையிலி கையை உயர்த்துகிறான், சட்டென்று நினைவு வருகிறது, பறந்து போகிறான். லிஃப்டைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் கீழே வைக்கிறான். கதவு திறக்கிறது. அவள் வெளியே வந்து, "தண்ணீரில் நனைந்த பஞ்சைப் போலக் கனமாக இருந்தது மனசு, இப்போது பிழிந்தது போல லேசாகிவிட்டது" என்கிறாள். மஞ்சள் பட்டைச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போகிறாள். தெரு விளக்குகள் எரிகின்றன.

முடித்துவிட்டுக் காத்திருந்தேன். மின்விசிறிகூட நின்றுவிட்டது போல இருந்தது.

"பக்கம் திருப்புற சத்தமே கேக்கல" என்றார்.

"என்ன அண்ணி?"

"இத்தன நாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் சரக்குனு ஒரு சத்தம் வரும். அத வச்சுத்தான் நான் அடுத்த படத்துக்குத் தயாராவேன். இன்னிக்கு ஒரு தடவகூட வரல. அதுவும் இல்லாம, உன் லிஃப்டுக்காரி டீச்சர் மாதிரி உதாரணம் சொல்றா."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறினேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு, என்று.

"கண்ணு தெரியாதவகிட்ட இல்லாததப் படிச்சுக் காட்டாத" என்று சொல்லி வைத்துவிட்டார். வச்சிடட்டா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலிருந்து தொலைபேசி பக்கத்திலேயே இருந்தேன். ஒரு அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து, கடன் வேண்டுமா என்று. ஒரு குரல் என்ற அளவில் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பேசவிட்டேன். வேண்டாம்மா என்றதும் அவளும் வைத்துவிட்டாள்.

என்ன முட்டாள்தனம் பண்ணிட்டேன். ஒரு பழைய புஸ்தகத்த எடுத்துச் சும்மா புரட்டிக்கிட்டே சொல்லியிருந்தா— ச்சீ. அப்படியும் யோசிக்கிறேன் பார். அண்ணியிடம் மாட்டிக்கொண்டது தப்பா, பொய் சொன்னது தப்பா?

ஆகஸ்ட் 14, வியாழன்

நானே அழைத்தேன். மருமகள்தான் எடுத்தாள். இன்று அவளுக்கு விடுப்பாம். "அத்தை தூங்குறாங்க" என்றாள். காலை நேரத்தில் அண்ணி தூங்குகிறவர் அல்ல. எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பாவம், அவள் குரல் இறங்கிவிட்டது. "நல்லாத்தான் இருக்காங்க. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்காங்க" என்றாள். தூங்குகிறார் என்று சொன்னதை மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வரவில்லை.

புத்தகங்களை வரிசைப்படி பெட்டியில் அடுக்கினேன். லிஃப்ட் வரும் புத்தகத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். பல தடவை பார்த்துவிட்டேன். அவள் முகத்தில் பயம் இல்லை, அதை இதுவரை கவனிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்து நிறுத்திய முகம். "நன்றி, ஆனால்—". அந்த முகத்தை எனக்குத் தெரியும். போர்வையை இழுத்துவிட்டபோது பார்த்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வீட்டில் எல்லாவற்றுக்கும் எடை கூடிவிட்டது. வாளி, கதவு, குக்கர். ஈயத்தலையன் வந்து போயிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். கேட்க ஆளில்லாத சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அழைத்தார்.

நான்கு கேள்விகள் இல்லை. நேராக வந்துவிட்டார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஆறு மாசமா கேக்காம இருக்கேன். கேட்டா நீ நல்லதா ஏதாவது சொல்லிடுவியோன்னு பயம். அன்னிக்கு லிஃப்டுக்காரிய இறக்கிவிட்ட பாரு, அதுக்கப்புறம் பயம் அதிகமாயிடுச்சு."

"கேளுங்க அண்ணி."

"தம்பி கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னானா? இருக்கிறத மட்டும் சொல்லு."

எத்தனை நல்ல வாக்கியங்கள் நாக்கு நுனி வரை வந்தன. அக்காவை நல்லா பார்த்துக்கச் சொன்னார். அக்காதான் எனக்கு அம்மா மாதிரின்னார். இதில் எதை அவர் சொல்லியிருக்க மாட்டார்? எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அதனால்தான் ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

"'அக்காகிட்ட சொல்லு'ன்னார் அண்ணி."

"என்ன சொல்லணுமாம்?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்லல. கண்ண மூடிட்டார். தூங்குறார்னு நினைச்சேன்."

மின்விசிறி சுற்றியது. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பேனே, அந்த மாதிரி இல்லை இது. கேள்வியே இல்லாமல் காத்திருந்தேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, நம்ப முடியாமல், சிரிப்பது கேட்டது.

"அந்த ஜென்மம் சின்ன வயசுலயே அப்படித்தான். ரெண்டு பேரும் ஒரே பாய். 'அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'பான். சொல்லுடான்னா சத்தமிருக்காது. திரும்பிப் பார்த்தா வாயத் தொறந்துகிட்டுத் தூங்கியிருப்பான். காலைல கேட்டா, 'என்னது? நானா?'ம்பான். எத்தனையோ தடவ. ஒண்ணுகூட இன்னிவரைக்கும் சொன்னதில்ல."

நான் அழுதுவிட்டேன். அண்ணியும். இரண்டு பேரும் பேசாமல், வைக்காமல், நெடுநேரம். யாருடைய பக்கத்து மின்விசிறி எது என்றே தெரியவில்லை.

"நாலு வார்த்த சேர்த்துச் சொல்லியிருக்கலாம் நீ" என்றார் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லாம விட்டியே. அது போதும்." பிறகு, "லிஃப்டுக்காரியும் அங்கேயே நிக்கட்டும். அவள யாரும் இறக்கிவிட வேண்டாம். அவ சொல்ல வந்தது அவகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

முதல் புத்தகத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். இந்த முறை ரயிலை ஒரு விரலால் நிறுத்தும் இடத்தில், அது ஏன் தவறு என்று விளக்கினேன். "பக்கத்தத் திருப்பு டீச்சரம்மா" என்றார். திருப்பினேன், நன்றாகக் கேட்கும்படி.

செப்டம்பர் 9, செவ்வாய்

என் கணவருடைய நாற்காலியின் ஆட்டத்தைச் சரி செய்தேன். ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தேன். பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து அலமாரிப் பக்கம் தள்ளியாயிற்று. கால் நீட்ட இடம் வேண்டும். பால்காரரிடம் சனிக்கிழமையிலிருந்து இரண்டு என்று சொன்னேன். "யாராச்சும் வர்றாங்களா?" என்றார். "என் நாத்தனார்" என்றேன். "ஐயோ பாவம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

செப்டம்பர் 13, சனி

மகன் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னானாம். அண்ணி கேட்கவில்லை, பேருந்தில்தான் வருவேன் என்றுவிட்டார். அவன் அங்கே ஏற்றிவிட்டான். இங்கே நான் போய் நின்றேன். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். நிலையத்தில் உட்கார இடமில்லை, வெயில். மூன்று பேருந்துகளை எட்டிப் பார்த்தேன்.

நான்காவதில் வந்தார். முன் இருக்கையில், மடியில் பையோடு, கறுப்புக் கண்ணாடியோடு. கூட்டம் இறங்கியது. "அண்ணி" என்று கூப்பிட்டேன். என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார், கையைத் தூக்கினார், இரு என்பது போல. நடத்துநர் இளைஞர், அவர் வந்து கையைப் பிடிக்கப் பார்த்தார். அண்ணி அவரையும் விலக்கினார். எல்லோரும் இறங்கும்வரை இருந்துவிட்டுக் கம்பியைத் தடவித் தடவி வாசலுக்கு வந்தார். எவ்வளவு மெலிந்துவிட்டார். நான் படியில் ஒரு கால் வைத்துக் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். ஆனால் இறங்கவில்லை.

உள்ளே திரும்பி, காலி இருக்கைகளைப் பார்த்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். பழைய குரல். கடைசி இருக்கை வரை போயிருக்கும்.

கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். நானும் நின்றேன்.

பிறகு இறங்கினார்.